முதல் பெரிய வண்டிக்கு முன்பணம் கட்டப் போகிறவர்களுக்கு

கங்கைகொண்ட சோழபுரத்திலும், அதைச் சூழ்ந்த ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி, உடையார்பாளையம், ஆண்டிமடம் முதலிய ஊர்களிலும் வாழ்ந்து, ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்த சூட்டோடு பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு முன்பணம் கட்ட எண்ணியிருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே,



ஒரு வேண்டுகோளுக்காகவே இதை எழுதுகிறேன். அதைக் கடைசியில்தான் சொல்லுவேன். காரணங்களைக் கேளாமல் வேண்டுகோளை மாத்திரம் கேட்டால், பெரியவர்கள் எப்பொழுதும் சொல்லுகிற புத்திமதிதானே என்று மடலை மடித்து வைத்துவிடுவீர்கள். வேகத்தில் பிறக்கும் சந்தோஷம் இழிவானது என்றோ, இரண்டு சக்கரங்களின்மேல் அமர்ந்து காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போக ஆசைப்படுவது குற்றம் என்றோ நான் ஒரு நாளும் கருதியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் கோயில் மதிலோரம் வரிசையாக நிற்கும் வண்டிகளின் நடுவே, நண்பனுடைய புது வண்டியின் டாங்கியை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, சாவியைத் திருகச் சொல்லி அதன் முழக்கத்தைக் கேட்டு நிற்கும் உங்கள் முகங்களை நான் பார்த்திருக்கிறேன். முந்திரிக் கொட்டை உடைத்தும், கரும்பு வெட்டியும், சிமெண்ட் ஆலையில் இரவு ஷிப்டு பார்த்தும் சேர்ந்த பணத்தில் ஓர் உயர்ந்த இயந்திரத்தை வாங்க வேண்டும் என்ற விருப்பம் நியாயமான விருப்பம். அந்த விருப்பம் நிறைவேறி, நெடுங்காலம் நீங்கள் அதை அநுபவிக்க வேண்டும் என்பதற்காகவே சில விஷயங்களை வற்புறுத்திச் சொல்லத் துணிகிறேன்.

முதலில் சட்டத்தின் பேரில் எனக்குள்ள மனக்குறையைச் சொல்லுகிறேன். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 16 பிராயம் நிறைந்தவருக்கு 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியையும், 18 நிறைந்தவருக்கு மற்ற மோட்டார் சைக்கிள்களையும் ஓட்ட அநுமதி தருகிறது. இருசக்கர வண்டியின் எஞ்சின் எவ்வளவு பெரிதாயிருக்கலாம் என்பதைப் பற்றி நம்முடைய உரிமச் சட்டம் போட்டிருக்கும் கோடு அந்த ஒன்றுதான். அதைத் தாண்டிவிட்டால் ‘கியர் உள்ள மோட்டார் சைக்கிள்’ என்று ஒரே வகுப்பு, 97 சி.சி. ஸ்பிளெண்டரும் அந்த வகுப்புத்தான், 648 சி.சி. இண்டர்செப்டரும் அந்த வகுப்புத்தான். நேற்று எல்.எல்.ஆர். பலகையைக் கழற்றியவரையும், இருபது வருஷம் ஓட்டிப் பழுத்தவரையும் சட்டம் ஒரே தராசில் நிறுத்துகிறது. இதை உங்களுக்குக் கிடைத்த சுதந்தரமாக நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். உங்களைப் பற்றி யாரும் அக்கறை எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அத்தாட்சியாகவே எனக்கு அது தோன்றுகிறது.

பரீட்சை எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அண்ணனிடமிருந்தோ, டிரைவிங் ஸ்கூலிலிருந்தோ இரவல் வாங்கிய இலேசான வண்டி, முதல் கியரில், கிளச்சைப் பாதி பிடித்தபடி, கால் தரையில் படாமல் ஓர் எட்டு, கையால் சில சைகைகள், அவ்வளவோடு முடிந்தது. அந்த எட்டைப் போடுவதற்கும் நிதானம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கையில், முன்னே போகும் கரும்பு டிராக்டர் பின்விளக்கு இல்லாமலே திடீரென்று வலப்பக்கம் திரும்பினால், முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் எந்த அளவில் சேர்த்துப் பிடித்து வண்டியை நேராக நிறுத்துவது என்று அந்த மைதானத்தில் உங்களை ஒருவரும் கேட்கவில்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அடுத்த வாரமே, டி.என். 61 என்று எண் எழுதிய, நாற்பத்தாறு குதிரைத்திறன் கொண்ட வண்டியை நீங்கள் ஷோரூமிலிருந்து ஓட்டிக்கொண்டு வரலாம். சட்டத்தில் தடை ஏதும் இல்லை.

வேறு தேசங்களில் இப்படி இல்லை என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உங்கள் வீட்டிலேயே சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு சகோதரனாவது சிங்கப்பூரில் வேலைசெய்யாத குடும்பம் குறைவு. அந்த நாட்டில் மோட்டார் சைக்கிள் உரிமம் மூன்று படிகளாயிருக்கிறது: முதற்படியான 2பி உரிமத்தில் 200 சி.சி. வரையில்தான் ஓட்டலாம், ஒரு வருஷமாவது அதை வைத்திருந்த பிறகு, மறுபடியும் பயிற்சி பெற்றுத் தேறினால் 400 சி.சி. வரை, அதன்பின் இன்னும் ஒரு வருஷம் கழித்தே, 400க்கு மேற்பட்ட வண்டிக்கான பரீட்சை. பிரிட்டனில் 19 பிராயத்தவருக்குக் கிடைக்கும் ஏ2 உரிமம் 35 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வண்டியைத் தொடவிடாது. இரண்டு வருஷம் அந்த உரிமத்தில் இருந்து திரும்பவும் பரீட்சையில் தேறினால் 21 பிராயத்தில், இல்லாவிட்டால் 24 பிராயத்தில்தான் வரம்பற்ற உரிமம். சென்னைக்கருகே உற்பத்தியாகும் ராயல் என்பீல்டு 650 வண்டியின் சக்தி ஏறக்குறைய 47 குதிரைத்திறன். அது அந்த 35 கிலோவாட்டு வரம்புக்குள் சரியாக அடங்குகிறது. அதாவது பிரிட்டனில் 24 பிராயம் நிறையாத புதிய ஓட்டுநருக்கு அநுமதிக்கப்பட்ட உச்சமாக எது இருக்கிறதோ, அது இங்கே நம் பிள்ளைகளுக்கு முதல் நாளே கிடைக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பும் உங்கள் அண்ணன், அங்கே 200 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியின் கைப்பிடியைத் தொடுவதற்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அவர் அனுப்பிய பணத்தில் நீங்கள் இங்கே 399 சி.சி. டியூக்கை வாங்குகிறீர்கள். அவரிடம் போனில் பேசும்பொழுது ‘அங்கே ஏன் அண்ணா அப்படிக் காக்கவைக்கிறார்கள்?’ என்று ஒரு தடவை கேட்டுப்பாருங்கள். நான் இங்கே எழுதுவதைக் காட்டிலும் அவருடைய பதில் உங்கள் மனத்தில் நிற்கும்.

எஞ்சினின் அளவு நம் அரசாங்கத்துக்குத் தெரியாத விஷயமா என்றால், நன்றாகத் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரைக்குமான வண்டிக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்குப் பதினெட்டு, அதற்கு மேற்பட்டால் நாற்பது. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தையும், 150 முதல் 350 சி.சி. வரை வருஷத்துக்கு 1,366 ரூபாய் என்றும், 350ஐத் தாண்டினால் 2,804 ரூபாய் என்றும் 2022இல் வெவ்வேறாக வைத்தார்கள். பெரிய எஞ்சினால் உண்டாகும் நஷ்டம் பெரிது என்று கணக்கிட்டுத்தானே கட்டணத்தை இரட்டிப்புக்கு மேல் வைத்தார்கள்? வரி வாங்குவதற்கும் காப்பீட்டுக்கும் தெரிகிற அந்த வித்தியாசம், உரிமம் கொடுக்கும் மேஜையில் மாத்திரம் மறந்துபோவது எந்த விதத்தில் நியாயம்? இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டியவர்கள் நீங்கள். ஏனெனில் அதனால் உடல் நோவது உங்களுக்கு.

இனி நம் சாலைகளைப் பற்றி. ஷோரூமில் உங்களுக்குக் காட்டப்படும் படங்களில் வண்டி ஓடுவது ஆள் அரவமற்ற மலைப்பாதையில். நீங்கள் ஓட்டப்போவது திருச்சி–சிதம்பரம் நெடுஞ்சாலையிலும், சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் புழுதி பறக்க வரும் அரியலூர்ச் சாலையிலும், தாருக்கும் மண்ணுக்கும் இடையே அரை அடி பள்ளம் விழுந்த கிராமத்துச் சாலையிலும். அறுவடைக் காலத்தில் அதே சாலையில் பாதியை மறித்து, ஓரங்களில் கருங்கல்லையும் முள்ளையும் வைத்து, மக்காச்சோளமும் உளுந்தும் கம்பும் காயப்போட்டிருப்பார்கள். உலர்களம் இல்லாத ஊரில் விவசாயி வேறென்ன செய்வார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கவேண்டும். எதிரே பஸ் வருகிறது, ஒதுங்க இடமில்லை, முன்சக்கரம் அந்தச் சோளத்தின்மேல் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டயருக்கும் தாருக்கும் நடுவே உருளுகிற தானியம் இருக்கையில் பிரேக் பிடித்தால் ஏ.பி.எஸ். சக்கரத்தைப் பூட்டவிடாது, ஆனால் பற்றிக்கொள்ளத் தரையே இல்லாத இடத்தில் வண்டி நிற்க வழக்கத்தைவிட அதிக தூரம் எடுக்கும். பெரம்பலூரை அடுத்த நாரணமங்கலத்து டயர் ஆலையில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் வேலைசெய்தால் கேளுங்கள், ஒரு டயர் எந்தச் சமயத்திலும் தரையைத் தொடுகிற பரப்பு உள்ளங்கை அளவே என்று சொல்லுவார்கள். அந்த உள்ளங்கைப் பரப்பின் பலத்தில்தான் உங்கள் பாரமும் வண்டியின் பாரமும் நிற்கவேண்டும்.

மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறவர், ஆபத்தைக் கண்டு பிரேக்கை நாடுவதற்கு ஒரு விநாடி எடுத்துக்கொண்டால், அதற்குள் 11 மீட்டர் கடந்துவிடுகிறார். 80 கிலோமீட்டரில் போகிறவர் 22 மீட்டர் கடந்துவிடுகிறார். அதன் பிறகு நிற்பதற்கு வேண்டிய தூரமோ, வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகிறது. அநுபவம் என்பது பெரும்பாலும் அந்த முதல் விநாடியைச் சுருக்குவதுதான். வரப்பிலிருந்து ஆடு இறங்கப்போகிறது என்பதை அது இறங்குவதற்கு முன்பே ஊகிக்கிற கண்ணை எந்தக் கம்பெனியும் விற்பதில்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில், தாங்கக்கூடிய வேகத்தில் ஓட்டி ஓட்டித்தான் அது வந்து சேரும். கைப்பிடியைச் சற்றே அதிகமாகத் திருகிவிட்ட பிழையைச் சிறிய வண்டி மன்னித்துவிடும். எட்டுக் குதிரைத்திறனும் சுமார் 112 கிலோ எடையும் உள்ள ஸ்பிளெண்டரில் அந்தப் பிழைக்குத் தண்டனை ஒரு குலுக்கல். நாற்பத்தாறு குதிரைத்திறனும் 168 கிலோ எடையும் உள்ள டியூக்கில், நீங்கள் பிழை செய்தோம் என்று உணருவதற்குள் வண்டி எதிர்த்தடத்தில் இருக்கும்.

சி.சி. கணக்கு மாத்திரம் போதுமா என்று உங்களில் விஷயம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்வியில் உண்மை உண்டு. 349 சி.சி. கிளாசிக் வண்டிக்கு இருப்பது இருபது குதிரைத்திறன்தான். அதில் பாதி சி.சி.கூட இல்லாத 155 சி.சி. ஆர்15க்குப் பதினெட்டு இருக்கிறது. ஆகவே புல்லட் குடும்பத்து வண்டி உங்களைத் திடீரென்று இழுத்துக்கொண்டு ஓடாது. ஆனால் அதன் எடை 195 கிலோ. ஜல்லி கிடக்கும் இறக்கத்தில் அதை நிறுத்தி, ஒரு காலை ஊன்றும்போது கால் சறுக்கினால், பிடித்து நிறுத்துவது ஐம்பத்தைந்து கிலோ உடம்புக்கு முடிகிற காரியமா என்று யோசியுங்கள். வண்டியைத் தேர்ந்தெடுக்கிறவர் பார்க்கவேண்டியது எஞ்சின் எண்ணை மாத்திரம் அன்று. குதிரைத்திறன், எடை, இருக்கையின் உயரம் மூன்றையும் தன் உடம்போடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஷோரூமில் வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் படிகின்றனவா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்தியபடியே வண்டியைப் பத்தடி பின்னுக்குத் தள்ளிப்பாருங்கள். இதைச் செய்யவிடாமல் அவசரப்படுத்துகிற கடையில் பணம் கட்டவேண்டாம்.

முதல் வண்டியாக என்ன வாங்கலாம் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லுகிறேன். 125 முதல் 160 சி.சி. வரையில், இருபது குதிரைத்திறனுக்கு உட்பட்டதாய், 150 கிலோவுக்கு மேற்படாத எடையுள்ளதாய் ஒரு வண்டி. அப்பாச்சி 160 போன்றவை இந்த அளவுக்குள் வரும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம், ஆனால் முன்சக்கரத்துக்கு மாத்திரம் உள்ளதும் ஏ.பி.எஸ். என்றே விற்கப்படுகிறது. ஆகையால் இரண்டு சக்கரத்துக்கும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டிக்கருக்கும் சைலென்சருக்கும் செலவழிக்க எண்ணிய பணத்தை அதற்குக் கொடுங்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தச் செலவின் பிரயோஜனம் உங்களுக்கு விளங்கும்.

இன்னொரு விஷயம், இதை எழுதுகையில் எனக்குச் சற்றுக் கோபமும் வருகிறது. ஆடித் திருவாதிரைக்குத் தாயாரையோ அத்தையையோ பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கோயிலுக்கு வருகிறீர்கள். வால் தூக்கிய அந்தச் சிறு இருக்கையில், சேலை கட்டிய அம்மா ஒருபுறமாகக் கால்போட்டு உட்கார்ந்து, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், உங்கள் சட்டையைக் கொத்தாகப் பற்றியபடி வருகிறார். பின்னிருக்கைக்காரருக்குக் கைப்பிடியும், கால்வைக்கும் படியும், ஆடை சக்கரத்தில் சிக்காதபடி தடுப்பும் இருக்கவேண்டும் என்று 1989ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளே சொல்லுகின்றன. வண்டி வாங்கிய மறுநாளே அழகு கெடுகிறது என்று சாரி கார்டைக் கழற்றி மெக்கானிக் கடையில் போட்டுவிட்டு வருகிறவர்களை என்னவென்று சொல்லுவது? எல்.எல்.ஆர். காலத்தில், கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது என்றும் விதி இருக்கிறது. இரண்டு பேரின் எடையில் வண்டி நிற்கிற விதமும் திரும்புகிற விதமும் வேறாகிவிடுகின்றன; அதைப் பழகாத கையில் அம்மாவின் உயிரை ஒப்படைப்பதற்கு அம்மா சம்மதித்தாலும் நீங்கள் சம்மதிக்கக்கூடாது.

உங்களுக்கு இளையவர்களையும் மறந்துவிடவேண்டாம். வயலுக்குப் போகும் எக்ஸ்.எல். 100 வண்டியைப் பதினாறு பிராயத்துத் தம்பி ஓட்டலாம் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். அதன் எஞ்சின் 99.7 சி.சி.; ஆகவே அதற்கும் 18 நிறைய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, பிராயம் நிறையாதவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 பிராயம் வரையில் உரிமம் கிடையாது. சாவியை நீங்கள் அன்பாகக் கொடுத்தாலும் சட்டம் அன்பை விசாரிக்காது.

‘எனக்குப் பதினான்கு வயதிலிருந்தே ஓட்டத் தெரியும்’ என்று உங்களில் ஒருவர் சொல்லுவது என் காதில் விழுகிறது. தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; உங்களுக்குத் தெரிந்தது ஏரிக்கரையும் வரப்பும், பின் பிரேக்கை மிதித்து நிறுத்திய டிரம் பிரேக் வண்டியும். நெடுஞ்சாலையில் பெரிய வண்டியை நிறுத்துகிற பலம் பெரும்பாலும் முன் பிரேக்கிலிருந்துதான் வருகிறது. பழைய பழக்கத்தில் கால் மாத்திரம் வேலைசெய்கிறவருக்கு அந்தப் பலத்தில் பாதிகூடக் கிட்டாது. சாமர்த்தியம் வேறு, பழக்கம் வேறு. இரண்டு வருஷம் கழித்து விற்றால் நஷ்டம் வருமே என்று இன்னொருவர் கேட்பார். நல்ல நிலையிலுள்ள 150 சி.சி. வண்டியைப் பழையதாகவே வாங்கலாம். வாங்கின விலைக்குப் பெரிய குறைவில்லாமல் விற்கவும் விற்கலாம். பழகாத கையால் புதுப் பெரிய வண்டியை ஒரு தடவை கீழே போட்டால் ஆகிற செலவு, அந்த நஷ்டத்தைக் காட்டிலும் கூடுதல்.

2022இல் இந்தியா முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்குக்கு மேற்பட்டவர்கள் இருசக்கர வண்டியில் போனவர்கள். அவ்வருஷம் தமிழ்நாட்டில் மாத்திரம் 17,884 உயிர்கள். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021 டிசம்பரில் நம் மாநில அரசு ஆரம்பித்தது. அது போற்றத்தக்க காரியம். ஆனால் தலையில் அடிபட்டவரைத் தஞ்சைக்கோ திருச்சிக்கோ கொண்டு சேர்க்கும் அந்த நீண்ட நேரத்தை எந்தத் திட்டத்தாலும் குறைக்க முடியவில்லை. ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தூரம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. பின்னால் அமர்கிறவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பதும், போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் உரிமமும் போகும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

இப்பொழுது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். சட்டம் போடாத வரம்பை நீங்களே உங்களுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உரிமம் பெற்ற தேதியிலிருந்து இரண்டு வருஷம், இருபது குதிரைத்திறனுக்கு உட்பட்ட வண்டியிலேயே ஓட்டுங்கள். முதல் ஆறு மாதம் தனியாக, பகலில் ஓட்டுங்கள்; அதன் பிறகே பின்னால் ஆளை ஏற்றுங்கள். ஆளில்லாத நல்ல சாலையில், விடியற்காலையில், முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி நிறுத்தப் பழகுங்கள்; முதலில் 30 கிலோமீட்டர் வேகத்தில், பிறகு 40இல், பிறகு 50இல். இதை ஒருவர் தனியாகச் செய்தால் நண்பர்கள் கேலி செய்வார்கள் என்பதை அறிவேன். ஆகையால்தான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து இதை ஏற்றுக்கொண்டால் கேலி செய்ய ஆள் இருக்காது. இரண்டு வருஷம் கழித்து நீங்கள் டியூக்கோ இண்டர்செப்டரோ வாங்கினால், அதைப் பார்க்க நானும் கோயில் மதிலோரம் வந்து நிற்பேன்.

கூடவே இன்னொன்றும் கேட்கிறேன். உங்களில் பெரும்பாலோர் இப்பொழுது வாக்காளர்கள். கிராம சபையில் எழுந்து பேச உரிமை உள்ளவர்கள். வரும் அக்டோபர் 2 கிராம சபைக்கு உங்கள் ஊராட்சியில் திரளாக வந்து, கியர் உள்ள மோட்டார் சைக்கிள் உரிமத்தைக் குதிரைத்திறனுக்குத் தக்கபடி படிகளாகப் பிரிக்க மத்திய அரசை வற்புறுத்தவேண்டும் என்றும், தானியம் சாலைக்கு வராதபடி ஊருக்கு ஓர் உலர்களம் கட்டித்தரவேண்டும் என்றும் தீர்மானம் கொண்டுவாருங்கள். உங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நீங்களே கேட்டால் அதைத் தட்டிக்கழிப்பது யாருக்கும் சுலபமாயிராது. தீர்மானத்தின் வாசகத்தை எழுதித்தருவதற்கு நான் தயாராயிருக்கிறேன். முன்மொழிவதற்கு உங்களில் ஒருவரும், வழிமொழிவதற்கு ஒருவரும் இப்போதே பெயர் கொடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் ஊர்க்காரன்